தெரியாமல் விழுந்த ஓட்டையா, தெரிந்தே வைத்த வாசலா?

2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஒரு நகலில் புதிதாக இரண்டு வரிகள் முளைத்திருந்தன. ஒரு புரோகிராம், தான் தொடங்கிவைத்த இன்னொரு புரோகிராம் முடியும்வரை காத்திருக்கப் பயன்படுத்தும் சாதாரணமான ஃபங்ஷன் ஒன்றுக்குள். அந்த வரிகள் சொல்ல வருவது இவ்வளவுதான்: குறிப்பிட்ட இரண்டு ஆப்ஷன்களைச் சேர்த்துக் கொடுத்து, கூப்பிட்டவரின் பயனர் எண் பூஜ்யமாகவும் இருந்தால், ‘தவறான கோரிக்கை’ என்று திருப்பி அனுப்பு. கவனமான ஆள் எழுதிய சரிபார்ப்பு போலத்தான் தெரியும். ஆனால் பயனர் எண்ணைப் பூஜ்யத்தோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் இரண்டு சமக்குறிகளுக்குப் பதிலாக ஒன்றுதான் இருந்தது. சி மொழியில் இரண்டு சமக்குறி போட்டால் ‘சமமா?’ என்ற கேள்வி. ஒன்று போட்டால் ‘இந்த மதிப்பை அதில் வை’ என்ற கட்டளை. லினக்ஸில் பூஜ்யம் என்பது எல்லா அதிகாரமும் உள்ள ‘ரூட்’ பயனரின் எண். ஆக, அந்த இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்துக் கொடுத்துக் கூப்பிடுகிற எவரும் அந்த நொடியே அந்தக் கணினியின் முழு அதிகாரியாகிவிடுவார். பூஜ்யத்தை வைத்ததால் நிபந்தனையும் பொய்யாகிவிடும். எனவே பிழைச்செய்திகூட வராது. சத்தமே இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

சி-யில் கோட் எழுதுகிறவர்கள் எல்லாரும் எப்போதாவது ஒருமுறை ஒரு சமக்குறியை விட்டிருப்பார்கள். இந்த வரியை மட்டும் காட்டிக் கேட்டால், பெரும்பாலானோர் ‘டைப்பிங் பிழை’ என்றுதான் சொல்வார்கள். அப்படியானால் இது திட்டமிட்டது என்று எப்படித் தெரிந்தது? வரியைப் பார்த்து அல்ல. அப்போது லினக்ஸின் அதிகாரபூர்வமான கோட் பிட்கீப்பர் என்ற அமைப்பில் இருந்தது. அது வேண்டாம் என்றவர்களுக்காக சிவிஎஸ் என்ற இன்னொரு அமைப்பில் ஒரு நகல் வைத்திருந்தார்கள். இரண்டையும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நகலில் இருந்த ஒரு மாற்றத்துக்கு மூலத்தில் இணையே இல்லை. ஒப்புதல் பெற்றதற்கான குறிப்பு எதுவும் இல்லாமல், நேராக நகல் சர்வருக்குள் நுழைத்திருந்தார்கள். பிட்கீப்பரை நடத்திய லாரி மெக்வாய் இதை வெளியே சொன்ன பிறகுதான் எல்லாரும் அந்த ஒற்றைச் சமக்குறியைக் கவனித்தார்கள். செய்தவர் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

நான் பிழைப்புக்குக் கோட் எழுதுகிறவன். மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவது என் வேலையில் பாதி. பெரிய பாதுகாப்பு ஓட்டை ஏதாவது செய்தியில் வரும்போதெல்லாம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இது உண்மையிலேயே தெரியாமல் நடந்ததா?’ எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு யோசிக்காமல் ‘ஆமாம், பக்தான், தெரியாமல் விழுந்த பிழை’ என்பார்கள். வெளியில் இருக்கிறவர்களில் பலர் யோசிக்காமல் ‘வேண்டுமென்றே வைத்ததுதான்’ என்பார்கள். இரண்டு பேருமே பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். ஓட்டையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், அதை வைத்தவரின் மனது அதில் தெரியாது. தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றியிருக்கும் தடயங்கள் தெரிய வேண்டும். தடயம் இல்லாத இடத்தில் ‘வெறும் பக்’ என்று சொல்லும் உரிமை அந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்துக்குக் கிடையாது என்பது என் கட்சி. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அடுத்து வரும் கதைகளில் காரணம் இருக்கிறது.

முதலில் தற்செயல் பக்கம். 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீடை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பாதுகாப்பான இணைப்புகளுக்குப் பெருமளவு பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு முனை சிறு செய்தியை அனுப்பும். மறுமுனை அதையே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியோடு அதன் நீளமும் போகும். ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த நீளத்தை அப்படியே நம்பியது. ஒரு பைட் அனுப்பிவிட்டு ‘நான் அனுப்பியது 64 கிலோபைட்’ என்று சொன்னால், அந்த ஒரு பைட்டோடு சேர்த்து, நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டுகள், குக்கிகள், சில நேரம் சர்வரின் ரகசியச் சாவியே. வழக்கமான சர்வர் லாகில் தடமும் இருக்காது. இரண்டு வருடங்களுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை.

உளவு நிறுவனம் ஒன்று உட்கார்ந்து வடிவமைத்தால்கூட இதைவிட நன்றாக வராது. ஆனாலும் இது தற்செயல் என்றே நம்புகிறேன். அதற்குக் காரணம் நல்லெண்ணம் அல்ல. அந்த மாற்றத்தை எழுதியவர் யார், எந்த நாளில் சேர்ந்தது, யார் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் பொதுவில் இருந்தது. 2011 டிசம்பர் 31 அன்று அது மூலத்தில் சேர்ந்திருக்கிறது. எழுதியவர் சொந்தப் பெயரில், பல்கலைக்கழக ஆராய்ச்சியின் பகுதியாக எழுதினார். அந்த வசதிக்கான தரநிலையை எழுதியவர்களிலும் அவர் ஒருவர். ஒரு மாறியின் நீளத்தைச் சரிபார்க்க விட்டுவிட்டேன், சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை என்று அவரே விளக்கினார். இணையத்தின் பாதிப் பாதுகாப்பைச் சுமந்த அந்தத் திட்டத்துக்கு அப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர்தான் நன்கொடை. முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். அந்த நிலையில் இப்படி ஒன்று நழுவாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

டெபியன் கதையும் இதே ரகம். 2006-ல் லினக்ஸின் ஒரு வகையான டெபியனைப் பராமரித்தவர்களில் ஒருவர், நினைவகப் பிழைகளைத் தேடும் ஒரு கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஒரு வரியை எடுத்துவிட்டார். அந்த வரிதான் ரேண்டம் எண்களுக்கு உயிர். 2008 மே மாதம் விஷயம் வெளியானபோது, இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவிலும் உருவான குறியாக்கச் சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் வெறும் 32 ஆயிரத்துச் சொச்சம் சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன என்று தெரிந்தது. ஒரு சாதாரணக் கணினி அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். விளைவை மட்டும் பார்த்தால் சதி போலவே இருக்கும். ஆனால் அந்த வரியை எடுக்கலாமா என்று அவர் முன்கூட்டியே பொதுவில் கேட்டிருந்தார். கேள்வியும் பதிலும் அப்படியே இருந்தன. படித்தவர்கள் சண்டை போட்டார்கள், ஆனால் யாருக்கும் நோக்கத்தில் சந்தேகம் வரவில்லை.

இப்போது மறுபக்கம். ஓட்டையே சாட்சி சொல்வது அபூர்வம். அப்படி நடந்த ஒரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஜிபிஆர்எஸ் மொபைல் டேட்டாவைப் பாதுகாக்க ஜிஇஏ-1 என்ற குறியாக்க முறை 1990-களில் வந்தது. அதன் சாவியின் நீளம் 64 பிட்; நீளம் குறைந்தால் உடைப்பது எளிது. 2021-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் குழு ஒன்று அதைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே பிட்களை வைத்து நகர்த்தும் மூன்று பதிவேடுகள் (ரெஜிஸ்டர்கள்) இருக்கின்றன. அவற்றில் இரண்டு சேர்ந்து எடுக்கக்கூடிய நிலைகள் விசித்திரமாகக் குறைந்துபோகின்றன. கணக்குப் போட்டால் 64 பிட் சாவி நடைமுறையில் 40 பிட்டுக்கு இறங்கிவிடுகிறது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் அழகு. இது தற்செயலாக அமைந்திருக்க முடியுமா என்று பார்க்க, அதே மாதிரிப் பதிவேடுகளை ரேண்டமாகப் பத்து லட்சம் முறை உருவாக்கிப் பார்த்தார்கள். ஒன்றுகூட இந்த அளவு பலவீனத்தின் பக்கத்தில் வரவில்லை. வேண்டுமென்றே தேடினால்தான் கிடைக்கும் பலவீனம் அது. வடிவமைத்த ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான இடிஎஸ்ஐ, அந்தக் காலத்து ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுச் செய்தது என்று ஒப்புக்கொண்டது.

2023-ல் இதே அமைப்பின் டெட்ரா ரேடியோக்களிலும் இதே கதை. பல நாடுகளில் போலீஸும் அவசரச் சேவைகளும் பேசுவதற்கும், தொழிற்சாலைகளில் கட்டுப்பாட்டுச் செய்திகளை அனுப்புவதற்கும் உள்ள ரேடியோ அமைப்பு அது. அதில் டீஇஏ1 என்ற முறையின் 80 பிட் சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கப்படுவதை மிட்நைட் ப்ளூ என்ற நெதர்லாந்து நிறுவனத்தினர் கண்டுபிடித்தார்கள். அது பின்வாசல், அதாவது தெரிந்தே வைத்த ரகசிய வழி, அல்ல, ஏற்றுமதி விதிக்கு ஏற்ற வடிவமைப்பு என்பது இடிஎஸ்ஐயின் நிலை. நான் ஒப்பவில்லை. 80 பிட் பாதுகாப்பு என்று நம்பி வாங்கியவருக்கு 32 பிட்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதபடி முறையையே ரகசியமாகவும் வைத்திருந்தார்கள். விதி இருந்தது என்பது காரணத்தைச் சொல்கிறதே தவிர, வாங்கியவரிடம் மறைத்ததை நியாயப்படுத்தவில்லை.

சந்தேகம் எப்போதும் சரியாகவும் இருப்பதில்லை. 1970-களில் ஐபிஎம் வடிவமைத்த டிஇஎஸ் என்ற குறியாக்க முறையில் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ தலையிட்டது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதன் உள்ளே எஸ்-பாக்ஸ் என்ற மாற்று அட்டவணைகள் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. பின்வாசல்தான் என்று பலர் வருடக்கணக்கில் நம்பினார்கள். 1990 வாக்கில் எலி பிஹாம், ஆதி ஷமீர் இருவரும் ஒரு புதிய தாக்குதல் முறையை வெளியிட்டபோது, டிஇஎஸ் அதை வியக்கும்படி தாங்கி நின்றது. 1994-ல் ஐபிஎம்மின் டான் காப்பர்ஸ்மித், அந்தத் தாக்குதலை 1974-லேயே தாங்கள் அறிந்து, அதற்கு எதிராகத்தான் அட்டவணைகளை அமைத்ததாக எழுதினார். எல்லாரும் சந்தேகப்பட்ட இடம் பலப்படுத்தப்பட்டிருந்தது. பலவீனம் வேறு இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி இருந்தது: சாவி 56 பிட்தான். 1998-ல் இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு இரண்டரை லட்சம் டாலருக்குள் ஒரு இயந்திரம் கட்டி 56 மணி நேரத்தில் அதை உடைத்துக் காட்டியது. மறைவில் சதி தேடுகிறவர்கள் கண்ணெதிரே இருப்பதைக் கோட்டை விடுவதும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

சரி, இப்போது இந்த விஷயத்தில் நான் அதிகம் யோசித்த கதைக்கு வருகிறேன். குறியாக்கத்துக்கெல்லாம் அடிப்படை, யாராலும் ஊகிக்க முடியாத ரேண்டம் எண்கள். அவற்றை உருவாக்க 2006-ல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் அங்கீகரித்த முறைகளில் ஒன்று டூயல் இசி. மற்ற முறைகளைவிடப் பல மடங்கு மெதுவானது. யார் இதைப் பயன்படுத்துவார்கள் என்று அப்போதே கேட்டார்கள். அதில் பி, க்யூ என்று ஒரு வளைகோட்டின் மீதுள்ள இரண்டு புள்ளிகள், எண்களாக அப்படியே கொடுக்கப்பட்டிருந்தன. எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விளக்கம் இல்லை. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த டான் ஷூமோ, நீல்ஸ் ஃபெர்குசன் இருவரும் ஒரு சிறிய உரையில் காட்டினார்கள்: இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான ரகசிய உறவு எண்ணை ஒருவர் வைத்திருந்தால், வெளியே வரும் எண்களில் 32 பைட் பார்த்தாலே போதும், அடுத்து வரப்போகும் எல்லாவற்றையும் அவரால் கணக்கிட்டுவிட முடியும். அவர்கள் நிதானமானவர்கள். நிஸ்ட் வேண்டுமென்றே பின்வாசல் வைத்தது என்று நாங்கள் சொல்லவில்லை என்பதையும் தங்கள் ஸ்லைடிலேயே எழுதியிருந்தார்கள். கணிதத்தால் சொல்ல முடிவது அவ்வளவுதான். கதவு இருக்கிறது, சாவி யாரிடமாவது இருக்கிறதா என்பதைக் கணிதம் சொல்லாது.

மீதியைச் சொன்னது காகிதங்கள். 2013-ல் என்எஸ்ஏவின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களை வைத்து, அந்தத் தரநிலையின் பின்னால் என்எஸ்ஏ இருந்தது பற்றிச் செய்திகள் வந்தன. பாதுகாப்பு மென்பொருள் விற்கும் ஆர்எஸ்ஏ நிறுவனம் தன் குறியாக்கத் தொகுப்பில் டூயல் இசி-யையே இயல்பான தேர்வாக வைத்திருந்தது. அதற்குப் பின்னால் என்எஸ்ஏவுடன் ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் இருந்ததாக அந்த டிசம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. பலவீனமான முறையை ரகசிய ஒப்பந்தம் போட்டுச் சேர்த்ததாகச் சொல்வதை ஆர்எஸ்ஏ மறுத்தது. 2014-ல் நிஸ்ட் அந்த முறையைத் தன் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது.

கதை அங்கே முடிந்திருந்தால் அது உளவு நிறுவனத்தின் கதை மட்டுமே. முடியவில்லை. பெரிய நிறுவனங்களும் அரசுகளும் பயன்படுத்திய ஜூனிப்பர் நிறுவனத்தின் நெட்ஸ்கிரீன் ஃபயர்வால்களுக்குள்ளும் (வலையமைப்பின் வாயிலில் நிற்கும் பாதுகாப்புக் கருவிகள்) டூயல் இசி இருந்தது. 2013-ல் கேள்வி வந்தபோது ஜூனிப்பர் கொடுத்த பதில் நியாயமாகவே இருந்தது: நாங்கள் தரநிலையில் உள்ள க்யூ புள்ளியைப் பயன்படுத்தவில்லை, சொந்தமாக ஒன்றை வைத்திருக்கிறோம், தவிர, அதிலிருந்து வரும் எண்கள் நேராக வெளியே போவதில்லை, இன்னொரு நம்பகமான முறை வழியாகப் புகுந்துதான் போகின்றன.

2015 டிசம்பர் 17 அன்று ஜூனிப்பரே ஒரு அறிவிப்பு வெளியிட்டது. தங்கள் கோடுக்குள் அனுமதியில்லாத மாற்றங்கள் இருப்பதைக் கண்டுபிடித்ததாக. ஒன்று, ரிமோட்டாக நுழைய உதவும் ஒரு பாஸ்வேர்ட். ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி எடுத்தபோது அது பாஸ்வேர்ட் போலவே இல்லை. கோணக் குறிகள், சதவீதக் குறிகள், ‘பயனர் பெயர் இது’ என்று காட்டும் சுருக்கம், ஒரு சமக்குறி. புரோகிராமர்கள் சோதனையின்போது அச்சிட்டுப் பார்க்க எழுதும் ஆயிரம் வரிகளில் ஒன்று போல. கோடை மேலோட்டமாகப் படிக்கிறவரின் கண் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்றே செதுக்கியது. இதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது மாற்றம் அதைவிடக் கொடியது. யாரோ 2012-ல் ஜூனிப்பரின் க்யூ புள்ளியை எடுத்துவிட்டுத் தங்களுடைய க்யூவை வைத்திருந்தார்கள். மாறியது ஒரு எண் மட்டும். புதிதாக எந்தக் கதவும் வைக்கவில்லை. இருந்த கதவின் பூட்டை மட்டும் மாற்றி, சாவியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஃபயர்வால் வழியாகக் குறியாக்கத்தோடு போன விபிஎன் தகவல்களைப் பதிவுசெய்து வைத்திருந்தவர் அதன்பின் அவற்றைப் பிரித்துப் படிக்க முடியும்.

ஆனால் ஜூனிப்பர்தான் இரண்டாவது முறை வழியாக எண்களை அனுப்புகிறோம் என்று சொன்னதே, அது என்ன ஆயிற்று? ஆராய்ச்சியாளர்கள் கோடைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாவது முறையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் இருந்தது. ஆனால் அந்த லூப்பை எண்ணும் மாறி, ஃபங்ஷனுக்குள் இருக்காமல், எல்லாருக்கும் பொதுவான குளோபல் மாறியாக இருந்தது. லூப் தொடங்குவதற்கு முன் கூப்பிடப்படும் இன்னொரு ஃபங்ஷன் அதே மாறியை 32 ஆக்கிவிட்டு வந்தது. லூப் ‘நான் ஏற்கெனவே முடிந்துவிட்டேன்’ என்று நினைத்து ஒருமுறைகூட ஓடாமல் விலகியது. டூயல் இசி-யின் எண்கள் அப்படியே கச்சாவாக வெளியே போயின. அதே வெளியீட்டில்தான் விபிஎன் தொடங்கும்போது வெளிப்படையாக அனுப்பப்படும் ஒரு ரேண்டம் எண்ணின் நீளமும் 20 பைட்டிலிருந்து 32 பைட்டாக மாறியிருந்தது. தாக்குகிறவருக்கு வேண்டிய அளவும் சரியாக 32 பைட்தான்.

இந்த இடத்தில் நான் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். குளோபல் மாறியை லூப்புக்குப் பயன்படுத்துவது எந்த ரிவ்யூவிலும் தினமும் பார்க்கும் சாதாரணத் தவறு. தனியாக அந்தக் கோட் மாற்றம் என் மேஜைக்கு வந்திருந்தால் ‘இதை உள்ளே நகர்த்துங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். எழுதியவர்மேல் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் மெதுவான, சந்தேகத்துக்குரிய ஒரு முறையைச் சேர்த்தது, அதைத் தடுக்க வேண்டிய லூப் ஓடாமல் போனது, வெளியே தெரியும் எண் தேவையான அளவுக்கு நீண்டது, மூன்றும் 2008 வாக்கில் ஒரே வெளியீட்டில் ஒன்றாக வந்திருக்கின்றன. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் அப்பாவித்தனமான விளக்கம் உண்டு. சேர்த்து வைத்துப் பார்த்தால் என்னால் அப்படி விட முடியவில்லை. இருந்தாலும் ‘திட்டமிட்டதுதான்’ என்று கையெழுத்துப் போடவும் மாட்டேன். காரணம், தீர்மானிக்க வேண்டிய தடயம் ஜூனிப்பரின் உள் பதிவுகளில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது முடிந்த பொருள் மட்டும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் வாசல் என்று அரசுகள் திரும்பத் திரும்பக் கேட்கின்றனவே, அதன் கதி இதுதான். யார் வைத்தாரோ அவரிடமே சாவி தங்குவதில்லை. ஏதென்ஸில் 2004-05-ல் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காக வோடஃபோனின் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்த வசதியை யாரோ திருட்டுத்தனமாக இயக்கி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் போன்களைக் கேட்டார்கள். 2024-ல் சால்ட் டைஃபூன் என்ற பெயரில் வெளியான ஊடுருவலில், சீனாவோடு தொடர்புடையவர்கள் என்று அமெரிக்கா சொல்லும் குழு, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் சட்டபூர்வ ஒட்டுக்கேட்பு அமைப்புகள்வரை போனது. இருபது வருட இடைவெளியில் ஒரே பாடம் இரண்டு முறை.

பொறுமையான கைகள் எப்படி வேலை செய்யும் என்பதை எக்ஸ்இசட் காட்டியது. லினக்ஸில் பரவலாக இருக்கும் ஒரு சுருக்கும் கருவி அது. பல வருடங்களாகத் தனியாளாகப் பராமரித்துவந்தார் ஒருவர். ஜியா டான் என்ற பெயரில் ஒரு கணக்கு, 2021 முதல் உதவிக்கு வந்தது. ஒழுங்காக வேலை செய்தது. இன்னும் சில கணக்குகள் ‘வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளைச் சேருங்கள்’ என்று பராமரிப்பாளரை நெருக்கின. கடைசியில் ஜியா டானுக்கு வெளியீடு செய்யும் உரிமை கிடைத்தது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் இருந்த பைனரிகளுக்குள் பின்வாசல் ஒளிந்திருந்தது. மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியே சொன்னார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்-சின் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று அவர் தோண்டியதுதான் காரணம்.

அந்தத் திட்டத்தில் பின்வாசலைவிட என்னைக் கலங்கடித்தது ஒரு புள்ளி. இலக்கணப் புள்ளிதான். லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று பார்க்க, மென்பொருளைக் கட்டும்போது (பில்டு) ஒரு குட்டி சி புரோகிராம் கம்பைல் ஆகிறதா, அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாறுகிறதா, என்று சோதிப்பார்கள். கம்பைல் ஆனால் வசதி உண்டு; ஆகாவிட்டால் இல்லை. ஜியா டான் சேர்த்த மாற்றத்தில், அந்தக் குட்டி புரோகிராமுக்குள் ஒரு வரியின் தொடக்கத்தில் தனியாக ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி இருந்தால் எந்தக் கணினியிலும் அது கம்பைல் ஆகாது. ஆக, அந்தச் சோதனையோடு பில்டு செய்த எல்லா இடத்திலும் ‘வசதி இல்லை’ என்று முடிவாகி, பாதுகாப்பு தானாக அணைந்துவிடும். பிழைச்செய்தியும் இல்லை, ஏனென்றால் தோற்பதும் அந்தச் சோதனையில் ஒரு சரியான விடை. மாற்றங்களைக் காட்டும் திரையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. திரைத் தூசி என்று நினைக்கலாம். யாரிடமும் மாட்டியிருந்தால் ‘ஓ, கை பட்டுவிட்டது’ என்ற பதில் தயாராக இருந்திருக்கும். திட்டமிடுகிறவர்கள் இப்போது பின்வாசலைப் பக் போலத்தான் செய்கிறார்கள், மாட்டினால் மறுக்க வசதியாக. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘சாதாரணத் தவறு போல இருக்கிறது’ என்பதை யாரும் ஒரு சான்றாகச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. 2013-ல் டி-லிங்க் ரூட்டர்கள் சிலவற்றில், பிரவுசரின் பெயராக ஒரு குறிப்பிட்ட எழுத்துச் சரத்தை அனுப்பினால் பாஸ்வேர்டே கேட்காமல் நிர்வாகப் பக்கம் திறந்தது. அந்தச் சரத்தைத் தலைகீழாகப் படித்தால் ‘பேக்டோர்’ என்ற சொல்லே அதில் இருந்தது. வேண்டுமென்றே வைத்தது என்பதற்கு இதைவிட வாக்குமூலம் வேண்டாம். ஆனால் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளரின் ஊகம், ரூட்டருக்குள் இருக்கும் மற்ற புரோகிராம்கள் அமைப்புகளைத் தானாக மாற்றிக்கொள்ள யாரோ எடுத்த குறுக்குவழி இது என்பதுதான். நோக்கம் உளவு அல்ல, சோம்பல். வாங்கியவருக்கு அதனால் என்ன ஆறுதல்? வீடு திறந்துதான் கிடந்தது.

தற்செயலா திட்டமா என்ற கேள்வி இன்னொரு பெரிய விஷயத்தையும் மறைத்துவிடுகிறது. விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி பகுதியில் ஒரு ஓட்டை இருந்தது. அதை யாரும் வைத்ததாக யாரும் சொல்லவில்லை, பக்தான். என்எஸ்ஏ அதைக் கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல், எட்டர்னல்ப்ளூ என்று பெயர் வைத்து ஆயுதமாகப் பல வருடங்கள் பயன்படுத்தியது. அந்த ஆயுதம் கைநழுவிப் போக, 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் பேட்ச் விட்டது. ஏப்ரலில் ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு அதைப் பொதுவில் கொட்டியது. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை நிரல் அந்த ஓட்டை வழியாகக் கிளம்பி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் நின்றன. ஜூன் மாதம் அதே ஓட்டையைப் பயன்படுத்திய இன்னொரு நாச நிரல், நாட்பெட்யா. எழுதிய அன்று அந்தக் கோடில் கெட்ட எண்ணம் இல்லை. கண்டுபிடித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அது ஒரு தேர்வு. பக்காகப் பிறந்தது பின்வாசலாக வளர்ந்தது அங்கேதான். ஓட்டை வந்த விதத்தைத் துருவித் துருவிக் கேட்கும் நாம், தெரிந்த தேதியை ஏன் அதே அளவு கேட்பதில்லை?

அதனால் இப்போது யாராவது ஒரு ஓட்டையைக் காட்டிக் கேட்டால், நான் முதலில் பார்ப்பது அது எப்படி இருக்கிறது என்பதை அல்ல. அந்த வரி எப்போது வந்தது, யார் பெயரில், எந்தக் காரணத்துக்காக, யார் ஒப்புக்கொண்டார் என்று பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் நுழையலாமா, இல்லை ஒரு ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டும் நுழைய முடியுமா என்பது மிக முக்கியம். எக்ஸ்இசட்டின் பின்வாசல் ஒரே ஒரு சாவிக்குத்தான் திறக்கும். தவறுதலாக விழுந்த ஓட்டை தனக்கென ஒரு சாவி செய்துகொள்ளாது. அப்புறம், தகவல் கிடைத்ததும் அந்த நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்று. எந்தப் பதிப்பில் தொடங்கியது என்று தேதியோடு சொன்னார்களா, அல்லது ‘வாடிக்கையாளர் பாதுகாப்பே முக்கியம்’ என்று நான்கு வரியில் முடித்துக்கொண்டார்களா.

யாரும் கோடைப் படிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் எல்லாம் பத்திரம் என்று சொல்ல வரவில்லை. ஹார்ட்பிளீடும் எக்ஸ்இசட்டும் அங்கேதான் நடந்தன. கோடைப் படித்தாலும் போதாது, அதைக் கம்பைல் செய்யும் கம்பைலரே ஏமாற்றலாம் என்று கென் தாம்சன் 1984-லேயே எழுதிக் காட்டிவிட்டார். ஆனால் எக்ஸ்இசட் வெளியான சில நாட்களுக்குள் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து, ஜியா டான் தொட்ட ஒவ்வொரு வரியையும் வருடவாரியாக எடுத்து மேஜையில் பரப்பிவிட்டார்கள். அந்தப் புள்ளியும் அந்த நாட்களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மூடிய மென்பொருளில் அது நடக்காது, நிறுவனமே முன்வந்தால் தவிர.

ஜூனிப்பர் முன்வரவில்லை. 2020-ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர், 2015-ல் தொடங்கிய விசாரணையின் முடிவு என்ன என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். டூயல் இசி-யைச் சேர்க்கச் சொன்னது யார், அந்த லூப் மாறியை குளோபலாக மாற்றியவர் யார், அதை ரிவ்யூ செய்தவர் யார் என்பதை முழுதாகப் பொதுவில் வைப்பதற்கு ஒரு மாலை நேரம் போதும். அவர்களுடைய பதிவுகளில் தேதியும் பெயரும் இருந்தே ஆக வேண்டும். பெயரை மறைத்துவிட்டு மீதியையாவது தரலாம். அதுவரை அந்த லூப்பை யாரும் என்னிடம் ‘வெறும் பக்’ என்று சொன்னால், பதிவைக் காட்டுங்கள் என்றுதான் கேட்பேன்.